பசுவுக்குள் 61ஆவது குரோமோசோம்: எதற்காக, என்ன விலையில்?

கருவூர் ஆசிரியர் | ஞாயிறு, இரவு 8.50

12ஆம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். சென்ற வாரம் மரபணு மாற்ற விலங்குகள் பாடம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் வரும் ரோசி என்ற பசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1997இல் மனிதப் புரதம் கலந்த பாலைத் தந்த பசு அது, லிட்டருக்கு 2.4 கிராம் புரதம். பேச்சோடு பேச்சாக, 2002இல் ஜப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து, மனித எதிர்ப்பொருளை (கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) பசுவிடமிருந்து பெறுவதற்காக ஒரு செயற்கை குரோமோசோமையே பசுவின் செல்லுக்குள் வைத்துக் குளோனிங் முறையில் கன்றுகளைப் பிறக்கச் செய்தார்கள் என்றும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஒரு மரபணுவை வைத்தாலே காரியம் நடக்கிறதே ஐயா, அப்புறம் எதற்கு ஒரு குரோமோசோம் முழுவதையும் செய்ய வேண்டும்?"

நாளை சொல்கிறேன் என்று உட்காரவைத்தேன். நான்கு நாட்கள் ஆகிவிட்டன. என்னிடம் இருக்கும் புத்தகங்களில் விடை இல்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே வகுப்பில் வைக்கிறேன்.

அணுக்கரு | ஞாயிறு, இரவு 10.15

வணக்கம் ஐயா. செல் வளர்ப்புக் கூடம் ஒன்றில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அந்த மாணவியின் கேள்வியில்தான் இந்த ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

ரோசிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு புரதம். அதற்கான மரபணு சில ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்தான். எதிர்ப்பொருள் அப்படிப்பட்டதல்ல. நம் உடலில் எதிர்ப்பொருளுக்கென்று எழுதி முடித்த மரபணு எதுவும் இல்லை. இருப்பவை துண்டுகள். எதிர்ப்பொருள் கனமான, லேசான புரதச் சங்கிலிகளால் ஆனது. கனச் சங்கிலிக்கு மட்டும் வேலை செய்யும் வி துண்டுகள் ஏறக்குறைய 40, டி துண்டுகள் 20க்கு மேல், ஜே துண்டுகள் 6. எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளணுவான பி செல் ஒவ்வொன்றும் தான் வளரும்போது இவற்றில் ஒவ்வொன்றை எடுத்து, நடுவில் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, தனக்கென்று ஒரு மரபணுவை ஒட்டிக்கொள்கிறது. பக்கத்துச் செல் வேறு துண்டுகளை எடுத்திருக்கும். இதுவரை உலகில் இல்லாத கிருமி வந்தாலும் அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருள் எங்கோ ஒரு செல்லில் இருப்பது இதனால்தான்.

ஆகவே, பசுவின் ரத்தத்தில் மனித எதிர்ப்பொருள் வேண்டுமென்றால் துண்டுகள், அவற்றுக்கு இடையிலுள்ள வெட்டுக்குறிகள், எப்போது விழித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் பகுதிகள் எல்லாமே வரிசை கலையாமல் உள்ளே போக வேண்டும். மனிதரில் கனச் சங்கிலிப் பகுதி 14ஆவது குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. அதன் நீளம் 10 லட்சம் எழுத்துகளைத் தாண்டும். லாம்டா என்ற லேசான சங்கிலி 22ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதுவும் ஏறத்தாழ அதே அளவு. மரபணுவைச் சுமக்க நாங்கள் அன்றாடம் புழங்கும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையம் 10 அல்லது 20 ஆயிரம் எழுத்துகளைச் சுமக்கும். பாக்டீரியாவின் செயற்கை குரோமோசோம் 3 லட்சம் வரை வரும். இங்கே அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண முறையில் உட்செலுத்தும் மரபணு, விலங்கின் குரோமோசோமில் எங்கே போய் ஒட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. உறங்கும் பகுதியில் விழுந்தால் அதுவும் சேர்ந்து உறங்கிவிடும். வேறொரு முக்கியமான மரபணுவின் நடுவே விழுந்தால் அதை உடைத்துவிடும். செயற்கை குரோமோசோம் எதிலும் ஒட்டுவதில்லை. அதற்கென்று சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்க உதவும் பிடி) இருக்கிறது, இரண்டு முனைகளிலும் காப்பு இருக்கிறது. செல் பிரியும்போது பசுவின் 60 குரோமோசோம்களோடு 61ஆவதாக அதுவும் இரட்டித்துப் பிரிந்து போகும்.

யாழ் வாணி | திங்கள், காலை 6.30

எங்கள் பாடப்புத்தகத்தில் இதை நிறமூர்த்தம் என்று படித்தோம். எனக்கு ஒரு சந்தேகம். செயற்கை என்றால் போத்தலில் இருக்கும் இரசாயனங்களிலிருந்து எழுத்தெழுத்தாகக் கோத்ததா? மனிதரின் குரோமோசோமை எடுத்துப் பசுவுக்குள் வைத்தார்கள் என்றும் ஓரிடத்தில் வாசித்தேன். இரண்டில் எது சரி?

அணுக்கரு | திங்கள், காலை 7.45

இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கம், சகோதரி. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கீழிருந்து கட்டுவது. 1983இல் ஆண்ட்ரூ மரேயும் ஜாக் சோஸ்டாக்கும் ஈஸ்ட் செல்லுக்கு இப்படி ஒன்றைக் கட்டினார்கள். 1997இல் ஹன்டிங்டன் வில்லார்டின் குழு, ஆல்பா சாட்டிலைட் என்ற திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏவை மனிதப் புற்றுச் செல்லுக்குள் செலுத்தி, அங்கே புதிய சென்ட்ரோமியர் உருவாவதைக் காட்டியது. மற்றொன்று, இருப்பதைச் செதுக்குவது. பசுவுக்காக ஜப்பானின் கிரின் நிறுவனத்தார் எடுத்த வழி இது.

மனிதரின் 14ஆவது குரோமோசோமிலிருந்து உடைந்த ஒரு சிறு துண்டு அவர்களிடம் இருந்தது. அதில் சென்ட்ரோமியரும் கனச் சங்கிலிப் பகுதியும் பத்திரமாக இருந்தன. அதைக் கோழியின் டிடி40 என்ற செல்லுக்குள் கொண்டுபோனார்கள். குறிபார்த்து வெட்டி ஒட்டும் வேலை அந்தச் செல்லில் மிக எளிதாக நடக்கும். அங்கே வைத்து, 22ஆவது குரோமோசோமிலிருந்து லாம்டா பகுதியை வெட்டி, கிரே என்ற நொதியின் துணையால் 14ஆவதன் துண்டோடு இணைத்தார்கள். மனிதரில் இரண்டு தனித்தனி குரோமோசோம்களில் இருந்த பகுதிகள் இப்போது ஒரே சிறு குரோமோசோமில். 'செயற்கை' என்பது இந்தச் சேர்க்கையைத்தான் குறிக்கிறது.

கருவூர் ஆசிரியர் | திங்கள், மாலை 5.20

இன்று வகுப்பில் சொன்னேன். அடுத்த கேள்வி உடனே வந்துவிட்டது: இவ்வளவு பெரிய பொருளை ஊசியால் எப்படி உள்ளே செலுத்தினார்கள்? குளோனிங் எதற்கு? நேராகக் கருமுட்டையிலேயே வைத்திருக்கலாமே?

அணுக்கரு | திங்கள், இரவு 9.30

ஊசியால் செலுத்தவில்லை. லட்சக்கணக்கான எழுத்துகள் கொண்ட இழையை ஊசி முனையில் உறிஞ்சினால் நூலைப்போல அறுந்துவிடும். அதனால் குரோமோசோமைச் செல்லுக்கு வெளியே எடுக்காமலேயே மாற்றுகிறார்கள்.

இந்த வேலையை வேறொரு குரோமோசோமுக்காக நான் கையாலேயே செய்திருக்கிறேன். குரோமோசோமைச் சுமக்கும் வெள்ளெலிச் செல்களை கோல்செமிட் மருந்தில் இரண்டு மூன்று நாட்கள் வைப்போம். செல் பிரிய முடியாமல் திணறி, ஒரே உட்கருவுக்குப் பதிலாகத் திராட்சைக் கொத்துபோலப் பல குட்டி உட்கருக்களை உண்டாக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றோ இரண்டோ குரோமோசோம்கள். பிறகு செல்லின் சட்டகத்தைத் தளர்த்தும் மருந்தைச் சேர்த்து அதிவேகமாகச் சுழற்றினால் அந்தக் குட்டி உட்கருக்கள் மெல்லிய சவ்வு சுற்றிய மணிகளாகப் பிய்ந்து வரும். அவற்றை வடிகட்டி, வேண்டிய செல்களின் மீது ஊற்றி இணையவைக்க வேண்டும். லட்சக்கணக்கான செல்களில் வெற்றி பெறுபவை ஒரு சில. மருந்தூற்றி மற்றவற்றைக் கொன்று, மிஞ்சுபவற்றை இரண்டு மூன்று வாரம் வளர்த்தால்தான் அவை கண்ணுக்குத் தெரியும்.

குளோனிங்கின் தேவை இங்கேதான் வருகிறது. தேர்ந்தெடுத்துப் பெருக்கும் இந்த வேலையை ஒற்றைக் கருமுட்டையில் செய்ய முடியாது. சுண்டெலிக்கு, ஓயாமல் பிரியக்கூடிய கருத் தண்டுச் செல்கள் இருந்தன. கிரினின் தோமிசுகா குழு 1997இல் அவற்றை வைத்து மனிதக் குரோமோசோம் துண்டுள்ள எலிகளை உருவாக்கியது. பசுவுக்கு அப்படி நம்பகமான தண்டுச் செல் அப்போது கிடையாது. கன்றின் கருவிலிருந்து எடுத்த நார்ச்செல் மட்டுமே இருந்தது. அதுவும் சில பத்து முறை பிரிந்தால் ஓய்ந்துவிடும். தேர்வு முடிவதற்குள் செல்லுக்கு வயதாகிவிடும். அதனால் கிரினின் குரோய்வா, அமெரிக்காவின் ராப்ள் குழுவினர் இரண்டு சுற்று குளோன் செய்தார்கள், அதாவது செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்துக் கருவாக்கினார்கள். முதல் சுற்றில் உருவான கருவை வளரவிட்டு, அதிலிருந்து புது இளமையோடு செல்களை மீண்டும் எடுத்தார்கள். இரண்டாவது சுற்றில்தான் கன்றுகள். ஆரோக்கியமாக நான்கு கன்றுகள் கிடைத்தன. அவற்றின் செல்களில் 78 முதல் 100 விழுக்காடு வரை அந்தக் குரோமோசோம் நிலைத்திருந்தது. பிறந்த கன்றின் ரத்தத்திலேயே மனித எதிர்ப்பொருள் இருந்தது.

மருதநிலம் | செவ்வாய், அதிகாலை 5.10

நான் கால்நடை மருத்துவர். அணுக்கரு சொன்ன கடைசி வரியின் அருமை மாடு வளர்ப்பவர்களுக்கு நன்றாகப் புரியும். மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடும். கன்றுக்கு வராது. அது வெறும் ரத்தத்தோடு பிறக்கிறது. சீம்பால் குடித்தால்தான் பாதுகாப்பு. முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடு என்று நாங்கள் தொண்டை வற்றச் சொல்வது அதற்காகத்தான். அப்படிப்பட்ட கன்றின் ரத்தத்தில் மனித எதிர்ப்பொருள் இருந்தது என்றால், அது தாயிடமிருந்து வர வழியே இல்லை. கன்றின் உடலே செய்தது.

ஆனால் "நான்கு ஆரோக்கியமான கன்றுகள்" என்ற சொற்களை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. அந்த நான்கு கன்றுகளுக்காக எத்தனை பசுக்கள் சுமந்தன என்பதையும் பேச வேண்டும். குளோன் செய்த டாலி என்ற செம்மறி ஆட்டுக்காக 277 செல்களை முட்டைகளோடு இணைத்தார்கள். 29 கருக்கள் ஆடுகளுக்குள் வைக்கப்பட்டன. பிறந்தது ஒரு குட்டி. மாடுகளில் குளோன் கருக்களைப் பசுவின் கருப்பைக்குள் வைத்தால் பத்தில் ஒன்றுகூட உயிரோடு கரையேறுவது அரிது. நம் நாட்டில் கர்னாலில் 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் குளோன் எருமைக் கன்று ஒரு வாரம்கூட வாழவில்லை. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் இருந்தது.

நான் குளோன் கன்றை ஈன்றெடுக்க வைத்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி வைத்த சினைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றிலும் இதே கோளாறு சில நேரம் வரும். ஒரு ஜெர்சி கலப்புப் பசு. நாள் கடந்தும் ஈனவில்லை. வயிறு இரண்டு பக்கமும் பானைபோலப் புடைத்திருந்தது. கையை விட்டுப் பார்த்தால் கன்றின் முன்னங்காலைச் சுற்றி என் விரல்கள் சேரவில்லை. கீறித்தான் எடுத்தோம். கன்று 54 கிலோ. அந்த இனத்தில் வழக்கம் அதில் பாதிதான். நாக்கு தடித்து வெளியே தொங்கியது. தொப்புள்கொடி என் கட்டைவிரலைவிடப் பருமன். தானாக அறுந்து சுருங்கவில்லை, நூலால் கட்ட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டது.

பிறகு இளங்கொடியை எடுத்துப் பார்த்தேன். சாதாரணமாக அதில் பொத்தான்போல எழுபது, நூறு முடிச்சுகள் இருக்கும். தாயும் கருவும் உணவை மாற்றிக்கொள்ளும் இடங்கள் அவை. இதில் பாதிகூட இல்லை. இருந்தவை ஒவ்வொன்றும் கையளவு வீங்கிக் கிடந்தன. குளோன் சினைகளில் பெரும்பாலும் கெடுவது இந்த இளங்கொடிதான். வளர்ந்த செல்லின் பழைய குறிகளை முட்டை முழுவதுமாக அழித்து எழுதவில்லை என்றால் முதலில் தடுமாறுவது அதுவே. அந்த வீட்டுக்காரர் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்ட எடுத்துப் போனார். நான் தடுக்கவில்லை.

இந்த ஆராய்ச்சியை நான் எதிர்க்கவில்லை. கணக்கை முழுமையாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

வேலன்கோட்டை | செவ்வாய், காலை 9.00

டாக்டர் சொன்னதைப் படித்து மனம் கனத்துவிட்டது. நான்கு மாடுகள் வைத்திருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். அந்தப் பசுவின் சொந்த எதிர்ப்பு மரபணுக்களை எடுத்தும்விட்டார்கள் என்று படித்தேன். தனக்கென்று எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒரு மாட்டை வேண்டுமென்றே உண்டாக்குவது சரியா? ஒரே வகை எதிர்ப்பொருள் மட்டும் உள்ள ஒற்றை எதிர்ப்பொருள் மருந்துகள்தான் தொட்டியில் வளர்த்த செல்லிலிருந்தே வருகின்றனவே. மாடு எதற்கு?

அணுக்கரு | செவ்வாய், மதியம் 1.40

ஐயா, முதல் கேள்விக்கு. 2002இல் பிறந்த கன்றுகளில் மனித எதிர்ப்பொருள் மிகக் குறைவு. பசுவின் சொந்த மரபணுக்கள் இருக்கும்போது அவையே முந்திக்கொள்கின்றன. அதனால் கனச் சங்கிலிக்கான இரண்டு பசு மரபணுக்களையும் செயலிழக்கச் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள். மொத்தம் நான்கு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் செல்லுக்கு இளமை திரும்ப ஒரு சுற்று குளோனிங். டாக்டர் கேட்கும் கணக்கில் இதுவும் சேர வேண்டும், மறைக்க விரும்பவில்லை. 2009இல் அப்படிப்பட்ட ஒரு மாட்டின் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் மனித ஐஜிஜி (ரத்தத்தில் அதிகம் ஓடும் எதிர்ப்பொருள் வகை) இருந்தது. ஆந்த்ராக்ஸ் புரதத்தை ஊசி போட்டதும் அதற்கு எதிரான மனித எதிர்ப்பொருளை அது செய்தது. அந்த எதிர்ப்பொருள் எலிகளைக் காப்பாற்றியது.

அந்த மாடு எதிர்ப்பில்லாத மாடு அல்ல. அதன் பி செல்கள் மனித எதிர்ப்பொருளை வைத்துத் தன்னைத் தானே காத்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மனித எதிர்ப்பொருளின் வால் பகுதி, பசுச் செல்லுக்குள் இருக்கும் சமிக்ஞைப் புரதத்தோடு சரியாகப் பேசவில்லை. பி செல்கள் போதுமான அளவு வளரவில்லை. பிறகு அந்தப் பகுதியைப் பசுவின் வரிசைக்கு மாற்றினார்கள். இந்த மாற்றம் ரத்தத்தில் ஓடும் ஐஜிஜியில் வருவதில்லை. அதன் பிறகுதான் எதிர்ப்பொருள் இயல்பான அளவை எட்டியது.

இரண்டாவது கேள்விக்கு. ஒற்றை எதிர்ப்பொருள் என்பது ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. கிருமி பூட்டை மாற்றினால் சாவி வீண். ஒமிக்ரான் வந்தபோது, கோவிடுக்கு வைத்திருந்த அத்தகைய மருந்துகளில் பெரும்பாலானவை வலுவிழந்தன. மாட்டின் ரத்தத்திலோ ஒரே கிருமியைப் பல இடங்களில் பிடிக்கும் நூறு சாவிகள் இருக்கும். மனித எதிர்ப்பொருள் துண்டுகளைச் சுமக்கும் எலிகளும் உண்டு. எலியின் உடலில் மொத்த ரத்தமே 2 மில்லி. ஒரு மாட்டில் 30 லிட்டருக்கு மேல்.

செவ்வந்தி | செவ்வாய், இரவு 11.20

இரவுப் பணிக்கு நடுவே எழுதுகிறேன். நான் செவிலியர். ஒரு தாலுகா மருத்துவமனையில் 14 ஆண்டுகள்.

உங்கள் விவாதத்தில் குதிரையை யாரும் சொல்லவில்லை. பாம்புக்கடிக்கு நாங்கள் ஏற்றும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த மருந்து இல்லையென்றால் எங்கள் வார்டில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதைத் தொங்கவிடுவதற்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தட்டில் தயாராக வைப்பது. முதல் தவணையே 10 குப்பி. சொட்டு இறங்கத் தொடங்கியதும் நோயாளியின் முகத்தையும் கழுத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நிற்பேன். காது மடல் சிவந்தால், தொண்டையைச் சொறிந்தால், சொட்டை நிறுத்திவிட்டு ஊசியைத் தொடையில் போட வேண்டும். குதிரைப் புரதத்தை உடல் அந்நியமாகப் பார்க்கிறது.

நாய்க்கடிக்கும் அப்படியே. ஆழமான கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருளையும் செலுத்த வேண்டும். மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20 அலகு. குதிரையுடையது என்றால் 40. மனிதருடையது விலை அதிகம், எப்போதாவதுதான் கிடைக்கும். ஒரு சிறுமி, ஏழு வயது, கன்னத்தில் கடி. குதிரையுடையதைத்தான் போட்டோம். ஒன்பதாம் நாள் அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் தடிப்பு, முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. சீரம் நோய், அந்நியப் புரதத்தால் வருவது. வியன்னாவில் பிர்க்கே, ஷிக் என்ற மருத்துவர்கள் 1905இல் எழுதிவைத்த அதே நோய்தான். நான்கைந்து நாட்களில் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த தடுப்பூசிக்கு அவளை அழைத்துவர அவர் பயந்தார். நான் வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டி வந்தேன்.

டாக்டர் ஐயா, அந்தப் பசுக்களுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் மாட்டிலிருந்து மனித எதிர்ப்பொருள் வருமென்றால் என் தட்டில் அந்த அட்ரினலின் தேவைப்படாத நாள் வருமா என்றுதான் நான் பார்க்கிறேன்.

மருதநிலம் | புதன், அதிகாலை 5.30

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். குதிரையைப் பற்றி நான்தான் பேசியிருக்க வேண்டும். 1890களிலிருந்து அதன் கழுத்து ரத்தநாளத்திலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். நஞ்சு ஊசியால் அதன் தோல் புண்ணாகிறது. அதுவும் கணக்கில் வர வேண்டும்.

யாழ் வாணி | புதன், காலை 7.00

செவ்வந்தி அக்காவின் கேள்விக்கு அணுக்கரு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். மனிதருக்கு இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

அணுக்கரு | புதன், இரவு 8.10

கொடுத்திருக்கிறார்கள். அந்த மாடுகள் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எஸ்ஏபி என்ற மருந்து நிறுவனத்திடம் இருக்கின்றன. மெர்ஸ் என்ற மூச்சு நோயின் வைரஸுக்கு எதிராக மாட்டில் உண்டாக்கிய எஸ்ஏபி-301 மருந்தை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 38 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். 28 பேருக்கு மருந்து, 10 பேருக்கு வெற்று நீர்மம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கொடுத்தும் தாங்கிக்கொண்டார்கள். முடிவு 2018இல் வெளியானது. கோவிட் காலத்தில் எஸ்ஏபி-185 மூன்றாம் கட்டம் வரை போனது. ஒமிக்ரான் அலையில் மருத்துவமனையில் சேர்வோர் குறைந்துவிட்டதால் அந்தச் சோதனை பாதியில் நின்றது.

ஆனால் அட்ரினலினைத் தட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், அக்கா. புரதத்தின் வரிசை மனிதருடையது. அதன்மேல் ஒட்டும் சர்க்கரையைச் செய்வது பசுவின் செல். மனிதச் செல்கள் செய்யாத இரண்டு சர்க்கரைகளைப் பசுச் செல் செய்யும். நம் ரத்தத்தில் அவற்றுக்கு எதிர்ப்பொருள் ஏற்கெனவே உண்டு. குதிரையின் புரதத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய வேறுபாடு, ஆனாலும் வேறுபாடுதான்.

விலையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். பத்துக் குப்பி ஒரே இரவில் தேவைப்படும் மருந்துக்கு இந்த மாடு இன்றைய நிலையில் கட்டுப்படியாகாது. குதிரையை முதலில் மாற்றக்கூடிய இடம் நாய்க்கடி என்பது என் எண்ணம். அளவு சிறியது, கிருமி ஒன்றுதான், நோயாளி பெரும்பாலும் குழந்தை. அரசு ஒன்று மனம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

வேலன்கோட்டை | புதன், இரவு 9.05

குளோன் செய்யாமல், பிறந்த மாடுகளையே சினைப்படுத்தி மந்தையைப் பெருக்க முடியாதா? அப்படியென்றால் டாக்டர் சொன்ன கொடுமை ஒரு தலைமுறையோடு நின்றுவிடுமே.

அணுக்கரு | வியாழன், காலை 7.20

அருமையான கேள்வி. தடை இருக்கிறது. மற்ற 60 குரோமோசோம்களும் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. இதற்கு ஜோடி இல்லை. முட்டையோ விந்தோ உருவாகும்போது அது ஒரு பக்கம் மட்டும் போகும். அதிகபட்சம் பாதிக் கன்றுகளுக்குக் கிடைக்கலாம். எலிகளில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. அதோடு சொந்த மரபணுக்களின் வெட்டுகளும் இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தாக வேண்டும். எல்லாம் கூடிவரும் கன்று மிகச் சிலவே. அதனால்தான் குளோனிங்கையே நம்பியிருக்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் இன்னும் நிறைய உழைப்பு தேவை என்று நானும் நினைக்கிறேன்.

கருவூர் ஆசிரியர் | வியாழன், மாலை 6.00

அனைவருக்கும் நன்றி. செவ்வந்தி அம்மா எழுதியதையும் டாக்டர் எழுதியதையும் வகுப்பில் வாய்விட்டே படித்தேன். அந்த மாணவியிடம் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கன்றின் உடலில் அந்தக் குரோமோசோம் இருக்கிறதா, தொலைந்துவிட்டதா என்று எப்படிக் கண்ணால் பார்ப்பார்கள்?

அணுக்கரு | வியாழன், இரவு 10.45

கன்றின் கழுத்திலிருந்து சில மில்லி ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களை மூன்று நாட்கள் வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். உப்புச் செறிவு குறைந்த நீரில் செல்லை ஊதவைத்து, கொஞ்சம் உயரத்திலிருந்து கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். செல் வெடித்து, குரோமோசோம்கள் பரந்து கிடக்கும். பிறகு, மனித டிஎன்ஏவோடு மட்டும் ஒட்டும், ஒளிரும் சாயம் கட்டிய துண்டுகளை அதன்மேல் ஊற்றி ஓர் இரவு மூடிவைப்பார்கள்.

மறுநாள் இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்த்தால், பசுவின் குரோமோசோம்கள் நீலமாகத் தெரியும். ஏறக்குறைய எல்லாமே ஒற்றைக் கை உள்ளவை. நடுவில் இடுப்புள்ளவை எக்ஸ் போன்ற பாலினக் குரோமோசோம்கள்தான். அவற்றுக்கு நடுவே, எல்லாவற்றையும்விடச் சிறியதாக, பச்சைப் புள்ளி ஒன்று. ஒரு தகட்டில் நூறு செல்களை எண்ண வேண்டும். பச்சைப் புள்ளி இல்லாத செல்லையும் எண்ணிக் குறிக்க வேண்டும். 78 என்றும் 100 என்றும் மேலே எழுதினேனே, அந்த எண்கள் இப்படி உட்கார்ந்து எண்ணியதில் வருபவை. அந்த மாணவிக்கு விருப்பம் இருந்தால் எங்கள் கூடத்தில் இப்படியான தகடு ஒன்றைக் காட்ட ஏற்பாடு செய்கிறேன், ஐயா. விடுமுறை நாளில் அழைத்து வாருங்கள்.